பாரம் விழும் இடம்

1

இந்தக் கதை ஒரு திரைக்குப் பின்னாலிருந்து எனக்குக் கிடைத்தது.

விருதுநகரில் ஒரு மருத்துவமனை. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கும் பிரிவு. ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். பச்சைத் துணித் திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல்:

"செருப்பில்லாம ஒரு அடி வைக்கக் கூடாதுங்கிறீக. கம்பெனில செருப்போட ஒரு அடி வைக்கக் கூடாது. நான் என்ன, பறந்தா போக?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் மருத்துவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பேட்டி முடிந்து திரும்பி வந்தபோது திரைக்குப் பின்னால் வேறொருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

கட்டுரை வெளிவந்தது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், காய்ப்பை நீங்களே சீவாதீர்கள் என்று சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. அந்தக் குரல் மட்டும் இல்லை. பதில் தெரியாத கேள்வியைக் கட்டுரையில் வைத்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார். கதையில் வைக்கலாம். அதற்காகத்தான் கதை என்ற ஒன்றை வைத்திருக்கிறோம் என்பது என் கட்சி.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"தாயில்பட்டிக்கு வெளியே அன்று காலை கேட்ட சத்தத்தில் பனைமரத்துப் பறவைகள் எல்லாம்—"

இங்கேயே நிறுத்திவிட்டேன். சிவகாசிப் பக்கத்தைப் பற்றி வெளியிலிருந்து எழுதுகிறவர்களின் கதை இந்த வெடிச்சத்தத்தில் தொடங்கும், இல்லையென்றால் இதில் முடியும். வெடிக்காத நாட்கள்தான் இங்கே அதிகம். அந்த நாட்கள் சும்மா வருவதில்லை. ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பதால் வருகின்றன. எனக்கு அந்த ஆள் வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

"மாரித்தாய்க்கு நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. அவளுடைய பாதம் வெயிலில் வெடித்த—"

இதையும் விட்டுவிட்டேன். பாதம் எதைப் போல இருந்தது என்று எழுதப் போனால் கை தானாக வறண்ட கண்மாயையும் கரிசல் மண்ணையும் தேடிப் போகிறது. அது ஒன்று. இன்னொன்று, மாரித்தாயை நோயாளியாக்கினால் நீங்கள் அவளுக்காக இரங்குவீர்கள். இரங்கி முடித்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அவளுக்கு இந்தக் கதையில் அதைவிட நல்ல வேலை வைத்திருக்கிறேன்.

திரைக்குப் பின்னால் கேட்ட வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதன் கடைசியில் இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்தபோது கதை கிடைத்துவிட்டது.

"கம்பெனில அதச் சொல்றதே நாந்தான்."

இந்த வாக்கியம் மட்டும் என்னுடையது.

3

சங்கரலிங்கம் தினமும் காலையில் அடுத்தவர் பாதங்களைப் பார்க்கிறவர்.

தாயில்பட்டியைத் தாண்டி இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு இந்தப் பக்கம் செருப்புகள் கிடக்கும். அந்தப் பக்கம் எல்லாரும் வெறுங்கால். தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவி, சங்கரலிங்கத்துக்கு முன்னால் ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைக் காட்ட வேண்டும். மணல் ஒட்டியிருந்தால் திரும்பவும் தொட்டிக்கு.*

காரணம் இல்லாத கண்டிப்பு அல்ல அது. கலவை அறையில் கண்ணுக்குத் தெரியாமல் பவுடர் சிந்தியிருக்கும். ஒரு மணல் பருக்கை அதில் உரசினால் போதும். செருப்பில் ஓர் ஆணி இருந்தால் போதும். ஆணியில்லாத ரப்பர்ச் செருப்பும் ஆகாது. உடம்பில் சேருகிற மின்சாரத்தை அது தரைக்கு இறங்க விடாது, பிறகு தொடுகிற இடத்தில் பொறி தட்டும். வெறுங்கால் என்றால் மின்சாரம் தரைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கம்பெனியில் செருப்பில்லாத காலைத்தான் பாதுகாப்பு என்பார்கள்.

"ஏத்தா மாரித்தாயி, கெண்டைக்கால் வரைக்கும் களுவிட்டு அடியக் களுவாம வந்திருக்க."

"என்னையப் பொண்ணு பாக்க வந்த ஆளுகூட இம்புட்டு உத்துப் பாக்கல அண்ணாச்சி."

"பாத்திருந்தா கட்டிருக்க மாட்டாரு. போ, களுவிட்டு வா."

வரிசை சிரிக்கும். மாரித்தாயும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, ஏனென்றால் யாருக்கும் விலக்கு இல்லை. முதலாளியின் மருமகன் பிரபாகரன் ஒருநாள் சென்னை வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு பளபளக்கும் சூவோடு வந்தார். சங்கரலிங்கம் தொட்டியைக் கையால் காட்டினார்.

"மாப்ளே, மருமகன்னாலும் சூ சூதான். களத்துங்க."

கழற்றினார். காலையும் தூக்கிக் காட்டினார். "எம்புட்டு வெள்ளைக் காலு!" என்று பட்டாசுச் சரம் பின்னுகிற பெண்கள் அந்தச் சீசன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எல்லார் காலையும் பார்த்து அனுப்பிவிட்டுக் கடைசியில் சங்கரலிங்கம் தன் காலைக் கழுவுவார். அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர் அவர்தானே.

அவருக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகின்றன. மாத்திரை போடுகிறார். காலில் முள் குத்தினால்கூடத் தெரிவதில்லை என்பதை உடம்பின் உறுதி என்று எடுத்துக்கொண்டிருந்தார். "நம்ம காலு லாரி டயருப்பா" என்பார்.

* இந்த வழக்கம் எல்லாக் கம்பெனியிலும் உண்டா என்று விசாரிக்க வேண்டாம். தொட்டியும் வரிசையும் நான் கட்டியவை. கதைக்குத் தேவைப்பட்டது, கட்டினேன்.

4

ஒரு சாயங்காலம் சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டினார். கலவை அறையில் நின்ற கால். அலுமினியப் பவுடர் ஏறி, எவ்வளவு கழுவினாலும் வெடிப்புகளில் வெள்ளிப் பூச்சாக நிற்கும். அதனால் அவர் உள்ளங்காலில் ஏதோ மின்னியதை மனைவி ரோஜா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றுத் தட்டை வைக்கக் குனிந்தபோதுதான் தரையில் சிவப்பாக இழுத்திருந்ததைப் பார்த்தாள்.

"ஏங்க, காலுல என்ன?"

"பவுடரா இருக்கும்."

"பவுடரு வட்டமாவா இருக்கும்?"

நகத்தை வைத்து நெம்பினாள். வந்தது. மகள் ஓவியா பள்ளிக்கூட வரைபடத்தைச் சுவரில் குத்தி வைக்கிற தட்டைத் தலைப் பின். காலையில் வீட்டுத் தரையில் மிதித்திருக்கிறார். அதன் மேலேயே செருப்பைப் போட்டிருக்கிறார்.

ரோஜா கேட்டாள்: "வலிக்கலியா?"

சங்கரலிங்கம் காலைப் பார்க்கவில்லை. பின்னை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு. காலையிலிருந்து காலிலேயே இருந்திருக்கிறது. அப்படியென்றால் தொட்டியைத் தாண்டும்போதும் இருந்தது. கலவை அறைத் தரையில் அவர் போய் வந்த ஒவ்வொரு அடியிலும் இருந்தது. உள்ளே கலவையை வழிப்பதற்குக்கூட இரும்பு வேண்டாமென்று பித்தளைத் தகடு, மரக்கரண்டி என்று தேடிப் பார்த்து வாங்குகிறவர் அவர்.

(இந்த இடத்தில் அவர் மனதில் ஓடியதைப் பத்தி பத்தியாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் சோற்றைத் தொடவில்லை. அது போதும்.)

"இத வெளிய யார்ட்டயும் சொல்லாத" என்றார்.

"சொல்லல. ஆனா நாளைக்கு விருதுநகர் போறோம்."

5

திரைக்குப் பின்னால் சிரித்த பெண்ணுக்கு நசிமா என்று பெயர் வைத்திருக்கிறேன். செவிலி. பாதப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள்.

"அண்ணே, கண்ண மூடிக்கங்க. நைலான் இழையால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

சங்கரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிங்க சிஸ்டர்" என்றார்.

"முடிச்சிட்டேண்ணே."

பிறகு ஒரு ரப்பர் விரிப்பில் மை தடவி, மேலே தாள் விரித்து, அதன் மேல் நடக்கச் சொன்னாள். தாளைத் திருப்பிக் காட்டினாள். பாதத்தின் தடம் முழுக்கச் சாம்பலாக விழுந்திருக்க, வலது பெருவிரலுக்குக் கீழே மட்டும் மை அப்பிக் கிடந்தது.

"மை கூடிப்போச்சு சிஸ்டர். எங்கூர்ப் பிரஸ்ஸுல இந்தத் தாளக் களிச்சிருப்பாக."

"மை எல்லா எடத்துலயும் ஒரே அளவுதாண்ணே. பாரந்தான் அங்கன கூடியிருக்கு."

அந்த இடத்தில் காய்ப்பு கட்டியிருந்தது. காய்ப்பைக் காவல் என்றுதான் சங்கரலிங்கம் நினைத்திருந்தார். நசிமா சொன்னாள், அது பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கூழாங்கல்லை ஒட்டிக்கொண்டு நடப்பது மாதிரி என்று. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கல் சதையை அழுத்துகிறது. வலி இருந்தால் காலை மாற்றி வைப்போம். வலி இல்லாதவர் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார். மருத்துவர் காய்ப்பைச் சீவி எடுத்தபோது அடியில் குழி இருந்தது. பின் குத்தியது அதற்குப் பக்கத்தில்தான். பின் இல்லாவிட்டாலும் குழி இருந்திருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

[நசிமா இதற்கு மேலும் ஒரு பக்கம் பேசினாள். என் கட்டுரை அவள் வாய் வழியாகத் திரும்ப வரப் பார்த்தது. அடித்துவிட்டேன். கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: புண் ஆறும்வரை அந்தக் காலில் பாரம் விழக் கூடாது, ஆறிய பிறகும் மெத்தென்ற அடி வைத்த செருப்பில்லாமல், வீட்டுக்குள்கூட, நடக்கக் கூடாது, இல்லையென்றால் வெட்டி எடுப்பது விரலோடு நிற்காது.]

சங்கரலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நீங்கள் முதலில் படித்ததைச் சொன்னார். நசிமா சிரித்தாள். "கம்பெனில அதச் சொல்றதே நாந்தான்" என்றதும் சிரிப்பு நின்றது.

6

இனி ஒரு சந்தேகம். இப்படிப்பட்ட ஆள், பின் குத்திய சமாசாரத்துக்குப் பிறகும், மறுபடி கலவை அறைக்குப் போவாரா?

ஒரு வாரம் யோசித்தேன். போவார். முட்டாள்தனத்தால் அல்ல, பொறுப்பால் போவார். தீபாவளி ஆர்டர் ஏறி நிற்கிறது. கலவை வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். சங்கரலிங்கம் இல்லாத நாட்களில் அதைப் பார்ப்பது பாலகுரு. பாலகுரு வேலை தெரிந்தவன். கை கொஞ்சம் வேகம். சலிக்கும்போது சல்லடையைத் தட்டுவான், மருந்து பற்ற அந்த அடி போதும். "தட்டாதலே, ஆட்டு" என்று பக்கத்தில் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் காலைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்த நாட்களில் சங்கரலிங்கத்தின் காதில் அந்தச் சல்லடைதான் கேட்டது.

"காலப் பாப்பீகளா, கம்பெனியப் பாப்பீகளா?" என்றாள் ரோஜா.

"எங்காலுக்கு ஒண்ணுன்னா ஒருத்தனுக்குத்தான். அங்கன ஒண்ணுன்னா?"

"அந்தக் காலு அன்னைக்கு உள்ள என்னத்தக் கொண்டு போச்சுன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்."

நான் அவரை எழுப்பி, வலது காலில் கட்டு மேல் கட்டாகத் துணியைச் சுற்றி, பஸ் ஏற்றிவிட்டேன்.

(தரைக்கு மின்சாரத்தை இறக்கிவிடுகிற செருப்புகள் உலகத்தில் இருக்கின்றன. அதில் மெத்தென்ற அடியும் வைத்துச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படி ஒரு ஜோடியைப் பிரபாகரன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தச் செருப்பு வரட்டும், வர வேண்டியதுதான். ஆனால் கதையில் இன்றைக்குக் காலை அது வரவில்லை.)

7

வேலைக்குத் திரும்பிய இந்த ஒரு வாரமாக அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து, யாரும் பார்க்காமல் தொட்டியைத் தாண்டிவிடுவார். தாண்டிய பிறகு வரிசையைப் பார்ப்பார். இன்றைக்குப் பஸ் பிந்திவிட்டது. அவர் வரும்போது வரிசை நின்றுகொண்டிருந்தது. பாலகுரு மட்டும் முதல் ஆளாக உள்ளே போய்விட்டான்.

சங்கரலிங்கம் செருப்பைக் கழற்றினார். இடது காலைத் தொட்டியில் கழுவினார். வலது காலைக் கழுவுவது போலத் தண்ணீரை அருகில் ஊற்றினார். தாண்டி நடந்தார். தரை காய்ந்த சிமெண்டு.

"அண்ணாச்சி" என்றாள் மாரித்தாய். வரிசையில் முதலில் நின்றவள் அவள்தான். "என்ன, ஒத்தக்காலு தடந்தான் கெடக்கு?"

திரும்பிப் பார்த்தார். ஈரத்தில் இடது பாதங்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

"காலக் காட்டு தாயி, நேரமாச்சு."

"நான் காட்டுறேன். மொதல்ல நீங்க காட்டுங்க."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாரித்தாய் சிரிக்கவில்லை. "போன மாசம் குதிங்கால்ல பிளாஸ்திரி ஒட்டியிருந்ததுக்கு என்னைய வீட்டுக்கு அனுப்புனீக. மண்ணு ஒட்டும்னீக. சரின்னு போனேன். ஒங்க காலுல வேட்டியில பாதி சுத்தியிருக்கு."

"சும்மா சுளுக்கு."

"சுளுக்குன்னா அவுத்துக் காட்டுங்க. சுளுக்கு ஓடியா போயிரும்?"

அவர் போர்மேன். அவள் சரம் பின்னுகிறவள். "போயி வேலயப் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தையை நான் எழுதியும் பார்த்தேன். அவர் வாயில் அது நிற்கவில்லை. திரும்பி வந்து தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து துணியை அவிழ்த்தார். காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்கினார், மற்றவர்கள் தினமும் செய்வது போலவே.

மாரித்தாய் குத்தவைத்து உட்கார்ந்து பெருவிரலுக்குக் கீழே இருந்த குழியைப் பார்த்தாள்.

"இது எப்படி அண்ணாச்சி?"

"உள்ளயே இருந்திருக்கு. பின்னு ஒண்ணு குத்துனதுலதான் தெரிஞ்சிச்சு."

"பின்னா? எங்க வச்சு?"

"வீட்டுல. அன்னைக்கு அதோட உள்ள வந்துட்டேன்."

"இரும்போடயா?"

"தெரியல தாயி. காலுக்குத் தெரியல."

பின்னால் ஒருத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, அவளுக்கும் சர்க்கரை, தன் காலைக் குனிந்து பார்த்தாள். உள்ளேயிருந்து பாலகுருவின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, வெயிலு ஏறுது! நான் சலிக்க ஆரம்பிக்கட்டுமா?"

8

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிடுகிறேன்.

அவரை உள்ளே அனுப்பலாம். இன்றைக்கு ஒருநாள், காலைப் பார்த்தாகிவிட்டது, அதில் இப்போது இரும்பு இல்லை. பாலகுருவுக்குப் பக்கத்தில் நின்று "தட்டாதலே" என்று சொல்ல ஆள் கிடைத்துவிடும். அழுத்தம் விழுகிற இடத்தில் இன்னொரு நாள் அழுத்தம் விழும்.

அவரைத் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைக்கலாம். செருப்பு போட்ட காலோடு வரிசையைப் பார்ப்பார், அவர் காலையும் யாராவது பார்ப்பார்கள். கலவை பாலகுருவின் கைக்குப் போகும். முதலாளி எத்தனை நாள் ஸ்டூலுக்குச் சம்பளம் கொடுப்பார் என்பது உங்கள் கற்பனையைப் பொறுத்தது.

"இன்னைக்கு வேலை இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல வைக்கலாம். போர்மேனுக்கு அந்த அதிகாரம் உண்டு. சீசனில் அதைப் பயன்படுத்திய போர்மேனை நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு இவற்றில் ஒன்றின் மேல் சாய்வு இருக்கிறது. சொல்ல மாட்டேன், சொன்னால் அதையே எழுதிவிடுவீர்கள். முடிவு உங்களுடையது. பாலகுருவுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். அவன் காத்திருக்கிறான்.

ஒன்றே ஒன்று. ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். சங்கரலிங்கம் வலது காலை இன்னும் தூக்கித்தான் பிடித்திருக்கிறார். நீங்கள் யோசிக்கிற நேரமெல்லாம் அவருடைய பாரம் முழுவதும் வெறும் சிமெண்டில், இடது காலில் நிற்கிறது. அதுவும் மரத்துப்போன கால்தான். நேரமாகிவிட்டது என்று உங்களிடம் அது சொல்லாது.